மணைக்கட்டையும் மூன்றாவது துளையும்

எங்கள் வீட்டுக் கிரைண்டரை ஈரக்கையால் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். அதற்கு அம்மா கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் மணைக்கட்டை. மாவு தள்ளும்போது மணைமேல் ஏறி நின்றுகொள்வார். மணை பூஜை அறைக்குப் போயிருந்தால் ரப்பர் செருப்பு. "லேசாத்தான் அடிக்கும், ஒண்ணும் பண்ணாது" என்பார். நாலைந்து வருஷம் அப்படியே இட்லி சாப்பிட்டோம். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் கிரைண்டர் பக்கத்தில் மணை எதற்கு என்று விசாரித்து, சுவிட்ச் போர்டைக் கழற்றினார். பிளக் பாயின்டின் மேல் துளைக்குப் பின்னால் திருகு இருந்தது, வயர் இல்லை. வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் எர்த்துக்கான பச்சை வயரை அடுக்களை வரைக்கும் கொண்டுவரவே இல்லை.

குழாய் கெட்டால் ஒழுகும், கதவு கெட்டால் கிறீச்சிடும். பிளக் பாயின்ட் மட்டும் அப்படியில்லை. எர்த் இல்லாவிட்டாலும், உள்ளே வயர் இடம் மாறியிருந்தாலும், திருகு தளர்ந்திருந்தாலும் கிரைண்டர் சுற்றும், டிவி ஓடும். அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பாதி, 'வேலை செய்யுதே' என்று நாம் விட்டுவிடுகிற இடங்களைப் பற்றியவை.

1. பெரிய துளை மேலே இருக்க, போர்டுக்கு நேராக நின்று பாருங்கள். வலது துளை பேஸ், இடது துளை நியூட்ரல், மேலே இருப்பது எர்த். பேஸில் 230 வோல்ட் வருகிறது, மிக்ஸிக்குள்ளோ பல்புக்குள்ளோ போய் வேலை செய்துவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. (நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று என்று திசை மாறிக்கொண்டே இருப்பது. ஆனாலும் வீட்டுக் கணக்குக்கு இப்படி நினைத்துக்கொள்வதில் தவறில்லை.) எர்த்தில் சாதாரண நாளில் எதுவும் ஓடாது. சும்மா காத்திருப்பதுதான் அதன் உத்தியோகம். அறுந்துபோனாலும் யாருக்கும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

2. பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் அதிகம். நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் எர்த் சேர்கிறது, பிடுங்கும்போது கடைசியில் விடுகிறது. கரண்ட் உள்ளே போவதற்கு முன்பே காவல்காரர் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். தடிமனாக இருப்பதால் அது தவறிப்போய் பேஸ் துளைக்குள் நுழைய முடியாது. நல்ல பிளக் பாயின்டில் இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கீழ்த் துளைகள் இரண்டையும் உள்ளிருந்து மூடியிருக்கும் ஷட்டரைத் தள்ளித் திறப்பதும் இந்தப் பின்தான்.

3. இனி தீக்குச்சி. இரண்டு பின் சார்ஜர் உள்ளே போக மறுக்கிறது. உடனே மேல் துளையில் பேனா மூடியையோ ஸ்க்ரூ டிரைவரையோ குத்தி ஷட்டரைத் திறந்து செருகுகிறோம். கொலுவுக்கும் கார்த்திகைக்கும் சீரியல் செட் போடும்போது இன்னும் ஒரு படி மேலே போய், வயர் நுனியைச் சீவித் துளைக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்குகிறோம். கோயில் திருவிழா மைக்செட்காரர்களிடம் கற்ற வித்தை இது. எரியும், சந்தேகமே இல்லை. ஆனால் குச்சி இறுக்கும் அழுத்தம் பித்தளைப் பின்னின் அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தொடர்பு விட்டு விட்டுச் சேரும், பொறி பறக்கும், அருகிலேயே காய்ந்த மரக்குச்சி. யார் காலாவது வயரில் பட்டால் கரண்ட் உள்ள செம்பு நுனி தரையில் வந்து விழும். ஒரு பிளக்கின் விலை ஒரு தட்டு பஜ்ஜிக்கு மேல் அதிகம் போகாது. வாங்கி மாட்டிவிடுங்கள்.

4. நம் வீட்டில் இரண்டு அளவுகள் உண்டு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னமும் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்து பி.எஸ். 546 என்ற தரக்குறிப்பின் வாசனை அது. பிரிட்டன்காரர்கள் 1947-லேயே பட்டையான பின் வைத்த 13 ஆம்பியர் பிளக்குக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நாம் உருண்டைப் பின்னை விடவில்லை. இன்று நம்முடைய தரக்குறிப்பு ஐ.எஸ். 1293. பிளக்கோ பாயின்டோ வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. எதை எதில் செருகலாம் என்பதற்கு ஒரே கணக்கு: பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 230-ஆல் வகுக்க வேண்டும். 750 வாட் மிக்ஸி சுமார் 3.3 ஆம்பியர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3, சின்ன பாயின்ட் தாங்கும். 1500 வாட் கெட்டில் 6.5, இங்கேயே எல்லை தாண்டிவிட்டது. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. 3000 வாட் கீஸர் 13. சின்ன பாயின்டின் உச்சம் சுமார் 1380 வாட், பெரியதன் உச்சம் 3680 வாட்.

கெட்டிலின் பெரிய பிளக் சின்ன பாயின்டில் நுழையவில்லை என்றால் அது தொந்தரவு இல்லை, எச்சரிக்கை. பெரிய பிளக்கை வெட்டிவிட்டுச் சின்ன பிளக் மாட்டித்தரச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னைத்தான் சின்னதாக்கலாம், ஓடும் கரண்டைச் சின்னதாக்க முடியாது. மாற்ற வேண்டியது சுவரில் உள்ள பாயின்டை. அதற்குப் பின்னால் வரும் வயரையும் மாற்ற வேண்டியிருக்கும். பவர் பாயின்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஏ.சி.க்கும் கீஸருக்கும் 4 என்பது பொதுவான வழக்கம்.

6. கீஸரோ அயர்ன் பாக்ஸோ அரை மணி நேரம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி, பின்னை விட்டுவிட்டு அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே எங்கோ லூஸ் கான்டாக்ட்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னும் அதைக் கவ்வும் தகடும் சரியாக ஒட்டாமல் வெறும் 0.1 ஓம் தடை உண்டானால்கூட, 13 ஆம்பியர் இழுக்கும் கீஸரில் அந்த ஒரு புள்ளியில் சுமார் 17 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே பெரும்பாலும் 25 வாட்தான். பிளக் பாயின்டுக்குள் ஒரு சால்டரிங் அயர்னைத் தினமும் காலை அரை மணி நேரம் சொருகி வைப்பது போல. மெயின் பாக்ஸில் இருக்கும் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) இதைக் கண்டுகொள்ளாது. ஓடுகிற கரண்ட் அதே 13 ஆம்பியர்தான், கூடவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி. தண்ணீரும் சுடும். துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை, கிர்ரென்ற சத்தம், வீட்டில் மீன் வாங்காத நாளில் ஒரு கருவாட்டு வாடை (சில பிளாஸ்டிக்குகள் வேகும்போது அப்படித்தான் மணக்கும்) — இவை வந்தால் அந்தப் பாயின்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. பின்னைக் கவ்வும் தகடு சூட்டில் தளர்ந்திருந்தால் புது பிளக்கும் கருகும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

7. சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகுங்கள், அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

8. ஒரு நல்ல டெஸ்டர் வீட்டில் இருக்கட்டும். ஷட்டர் இல்லாத பாயின்டில் சோதிப்பது எளிது. சுவிட்ச் போட்டிருக்கும்போது வலது துளையில் மட்டும் எரிய வேண்டும். அணைத்தால் எதிலும் எரியக் கூடாது. இடது துளையில் எரிந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகும் எரிந்தால், வயரிங் செய்தவர் சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார். இந்தக் கடைசித் தவறு விஷமமானது. சுவிட்சை அணைத்தால் மிக்ஸி நிற்கும், ஃபேன் நிற்கும், அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைப்போம். உள்ளே பேஸ் அப்படியே காத்திருக்கும். மிக்ஸி ஓடாமல் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறதா? எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கலாம். எர்த் துளையில் எரிந்தால் வேறு யோசனையே வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஷட்டர் உள்ள பாயின்டில் இந்தச் சோதனைக்காகத் துளையைக் குத்த வேண்டாம். மூன்று குட்டி விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் என்று பிளக் வடிவிலேயே கிடைக்கிறது. செருகினால் எந்த விளக்கு எரிகிறது என்பதை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடும்.

9. எர்த் துளையில் டெஸ்டர் எரியவில்லை என்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் கிரைண்டர் பாயின்டிலும் அப்போது எரிந்திருக்காது. அங்கேதான் வயரே இல்லாமல் இருந்ததே. எர்த் இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனோ, மேலே சொன்ன சாக்கெட் டெஸ்டரோதான் சொல்ல முடியும். மண்ணுக்குள் அது எவ்வளவு நல்லது என்பதை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி எங்கே என்று தெரியுமா? சிமென்ட் போட்டு மூடி, மேலே துளசி மாடம் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய வகைக் குழி என்றால் கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகும், அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றிவைக்கும் பழக்கம் இரும்புக் குழாய்க் காலத்தோடு போகட்டும்.

10. எர்த் இருந்தும் ஏன் இன்னொரு காவல் வேண்டும்? கிரைண்டருக்குள் இன்சுலேஷன் தேய்ந்து பேஸ் அதன் உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் வயர் அந்தக் கரண்டை மண்ணுக்கு இழுத்துப்போகும். மண்ணின் தடை 20 ஓம் என்றால் 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. கிரைண்டர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். எம்.சி.பி. சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற வந்தது, உங்களைக் காப்பாற்ற அல்ல.

உங்களுக்காக இருப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அத்தனையும் திரும்பியதா என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வேறு வழியில் நழுவினால், கண் சிமிட்டும் நேரத்தில் மொத்தத்தையும் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். 100, 300 என்று இருப்பவை ஆளைக் காக்க அல்ல. அதன்மேல் 'டி' என்று ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். அமாவாசை அன்று அழுத்துவது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். மறக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. அதன் கணக்கில் நீங்களும் ஒரு பல்ப்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டுகிற கதை அது. ஒவ்வொரு பொருளாகக் கழற்றிப் பாருங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு.

11. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு துளை இருந்தாலும் எல்லாம் ஒரே வயரில்தான் தொங்குகின்றன. டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பொருட்டில்லை. கெட்டில், ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். வயரைச் சுருட்டி வைத்தபடி அதிகச் சுமை ஏற்றினால் சுருளுக்குள் சூடு தங்கும், முழுக்கப் பிரித்துவிடுங்கள். பாய்க்கும் கார்பெட்டுக்கும் அடியில் ஓட்டாதீர்கள்.

12. மெல்லிய இரண்டு பின் சார்ஜர்களின் பின் 4 மில்லிமீட்டர்தான். நம் சின்ன பாயின்ட் சுமார் 5 மில்லிமீட்டர் பின்னுக்குச் செய்தது. சார்ஜர் தொளதொளவென்று ஆடுவது உங்கள் பாயின்டின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் 'யுனிவர்சல்' துளைகளுக்கும் இதே குறை: எல்லாவற்றையும் ஏற்கும், எதையும் இறுகப் பிடிக்காது. போன் சார்ஜருக்குச் சரி, அயர்ன் பாக்ஸுக்கு வேண்டாம்.

13. அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவந்த ரைஸ் குக்கரை அடாப்டர் போட்டுச் செருகுவதற்கு முன் அதன் அடியில் உள்ள சீட்டைப் படியுங்கள். '100-240 வோல்ட்' என்று இருந்தால் கவலையில்லை; லேப்டாப், போன் சார்ஜர்கள் அப்படித்தான் இருக்கும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் செருகாதீர்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வோல்ட் இருமடங்கானால் சூடாக்கும் கம்பியில் வாட் நாலு மடங்காகும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவை நம்மைப் போலவே 230 வோல்ட்டை ஒட்டியவை, பிளக்கை மாற்றினால் போதும்.

14. பிளக்கை நீங்களே மாற்றினால் நிறத்தில் கவனம். பொருளோடு வரும் வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் வரி எர்த். சுவருக்குள் வேறு கதை: நம் வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்புதான் நியூட்ரல். பொருளின் வயரில் நியூட்ரலாக இருந்த நீலம் சுவரில் பேஸாக இருக்கலாம். அதனால் சுவருக்குள் நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். பச்சை வயரை 'அது சும்மாதானே' என்று வெட்டிவிட்டு இரண்டை மட்டும் மாட்டுவதும் வேண்டாம்.

15. இரண்டு பின் அடாப்டரோடு உலோக உடம்பு லேப்டாப்பைத் தடவினால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதா? அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாக வரும் மிகச் சிறு கசிவாக இருக்கலாம். மூன்று பின் வயர் போட்டு, எர்த்தும் சரியாக இருந்தால் நின்றுவிடும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் இப்படிச் செய்தால் கசிவைச் சின்னது பெரியது என்று நாம் தீர்மானிக்கக் கூடாது. கழற்றிப் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

16. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுவிட்ச் போர்டை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்போம். வைக்கட்டும், சரஸ்வதி ஏற்றுக்கொள்வாள். ஆனால் மெயினை அணைத்துவிட்டு, பிழிந்த துணியால் துடைத்து, துளையிலிருந்து தள்ளிப் பொட்டு வையுங்கள். நீர்க்கச் சந்தனம் துளைக்குள் வழிந்தால் அது கரண்டுக்குப் பாலம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் போர்டுக்கு மேல் காகிதம் ஒட்டச் சொல்லுங்கள்.

17. காலியான ஓட்டையுள்ள சுவிட்ச் போர்டு பல்லிக்கும் எறும்புக்கும் வாடகையில்லா வீடு. பிளேட் வாங்கி மூடுங்கள்.

18. தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஷட்டர் வைத்த பாயின்ட் கட்டாயம். குழந்தையின் கைக்கு எட்டும் பாயின்டில் போன் சார்ஜர் வயரை மட்டும் தொங்கவிட்டுப் போகாதீர்கள், நுனி நேரே வாய்க்குத்தான் போகும்.

19. ஒரு அறையில் லைட் கண்ணைப் பறிக்கிறது, இன்னொரு அறையில் மங்குகிறது, ஃபேன் பேயாகச் சுற்றுகிறது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இப்படி நடந்தால் நியூட்ரல் போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒரு பாயின்டில் வோல்ட் 230-ஐத் தாண்டி 400 பக்கம்கூடப் போகலாம். டிவியைக் கழற்ற ஓடாதீர்கள், மெயினை அணையுங்கள். பிறகு தமிழ்நாடு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

20. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இது பாடமாகவே இருக்கும். தண்ணீர் வாசலுக்கு வரும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும். தரைமட்டப் பாயின்ட்கள் மூழ்கிய பிறகு தண்ணீருக்குள் நடந்து மெயினுக்குப் போகக் கூடாது. வடிந்த பிறகு துடைத்துக் காயவைத்து 'போட்டுப் பார்ப்போம்' என்பதும் கூடாது. சேறு உள்ளே உட்கார்ந்திருக்கும். எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனை அளந்து சொன்ன பிறகே போடுங்கள். மூழ்கிய பாயின்ட்களை மாற்றிவிடுவது நல்லது.

21. ஒருவருக்கு ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொடாதீர்கள். சுவிட்ச் அல்லது மெயின் முதலில். அதற்கு வழியில்லை என்றால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். மூச்சில்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லை' என்றாலும் டாக்டரிடம் கூட்டிப்போய் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாயின்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்து, மணலோ பொடி வகைத் தீயணைப்பானோ.

22. மெயின் பாக்ஸில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றாக அணைத்து, ஒருவர் வீடு முழுக்கச் சுற்றிக் குரல் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றியபோது, மாடிப் பாத்ரூம் கீஸரும் அடுக்களையும் ஒரே எம்.சி.பி.யில் இருப்பது தெரியவந்தது. புது வயர் இழுத்துப் பிரித்தாயிற்று. கிரைண்டருக்கும் இப்போது பச்சை வயர் வந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னமும் மணைமேல் நின்றுதான் மாவு தள்ளுகிறார். மேடை உயரம் அப்போதுதான் தோதாக இருக்கிறதாம்.